குழலை அமுக்குவது யார்

ஜனவரி 18, 2025, சனி

ஆற்றுத் திருவிழா. பகலெல்லாம் பெண்ணையாற்று மணலில் இருந்த கூட்டத்தில் பாதி, சாயங்காலம் சில்வர் பீச்சுக்கு வந்துவிட்டது. கெடிலம் இன்னிசைக் குழுவின் கச்சேரி. கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டேன். ஆற்றுத் திருவிழா அன்றைக்கு டைல்ஸ் வாங்க எவன் வரப்போகிறான்?

என் இடம் எப்போதும் போல இடது பக்கத்து ஸ்பீக்கர் பாக்ஸ் ஓரம். காலேஜ் நாளிலிருந்து அங்கேதான் நிற்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவர்கள் கேட்கட்டும், எனக்கு பேஸ் கிடார் நெஞ்சில் இடிக்க வேண்டும், ட்ரம்ஸ் விழும்போது சட்டை ஆட வேண்டும். வீட்டில் போனில் கேட்பதெல்லாம் ஒரு பாட்டா? செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஈர மணலில் நிற்பது, துண்டுச் சீட்டில் பாட்டு எழுதி மேடைக்கு அனுப்பிவிட்டு வருமா வராதா என்று தவிப்பது, வந்ததும் தெரியாதவனைக்கூடத் தோளில் தட்டுவது. இதற்காகத்தான் வாரம் முழுக்க உழைக்கிறேன் என்று மாலதியிடம் சொல்வேன். அப்போ எங்களுக்காக இல்லையா என்பாள்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அன்பரசு, மாலதியின் தம்பி, இந்தக் குழுவில் புல்லாங்குழல் வாசிக்கிறான். உதடு குவிகிறது, விரல் ஆடுகிறது. சத்தத்தைக் காணோம். கீழ்ச் சுரத்தில் வாசிக்கும்போது கொஞ்சம் வந்தது. மேலே போனதும் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. என் மச்சானுடைய மைக்கை யாரோ அமுக்குகிறார்கள்.

ஜனவரி 19, ஞாயிறு

அன்பரசு வீட்டுக்கு வந்தான். மைக் ஆனில் இருந்ததா என்று கேட்டேன். நல்லாதானே மாமா வந்துச்சு என்று சொல்லிவிட்டு மீன் குழம்பில் கவனமாகிவிட்டான். பயப்படுகிறான். யாருக்கு?

நல்ல செய்தியும் சொன்னான். ஆகஸ்டில் சில்வர் பீச்சில் குழுவின் ஆண்டுக் கச்சேரி. அதில் அவன் தனியாக ஒரு உருப்படி வாசிக்க வேண்டும் என்று குழுவை நடத்தும் ராஜமாணிக்கம் சொல்லியிருக்கிறாராம். கூட்டத்தோடு கூட்டமாக ஊதிக்கொண்டிருந்தவனுக்கு முதல் தடவையாகத் தனி இடம். மாலதி அழுதேவிட்டாள்.

அதையும் அமுக்கிவிட்டால்?

பிப்ரவரி 4, செவ்வாய்

கடையில் உட்கார்ந்திருந்தபோது பளிச்சென்று பிடிபட்டது. காத்தவராயன்! மிக்ஸருக்கு முன்னால் உட்காருகிறவன் அவன்தான். எந்த மைக் ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்பதெல்லாம் அவன் விரலில் இருக்கிறது. போன தீபாவளிக்கு முன்னால் தன் அக்கா மகளுக்கு அன்பரசைக் கேட்டு ஆள் அனுப்பினான். ஜாதகம் பொருந்தவில்லை என்று நாங்கள் தட்டிக் கழித்துவிட்டோம். பொருந்தத்தான் செய்தது. அது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

பொண்ணு எடுக்கல, அதனால குழலை அமுக்குறான். இதுக்கு மேல என்ன வேணும்?

பிப்ரவரி 20, வியாழன்

குக்கர் விசில் வந்ததைச் சொல்லவில்லை என்று மாலதி சண்டை. சாதம் குழைந்துவிட்டது. விசில் வந்தால்தானே சொல்வதற்கு? கேஸ்கட் போயிருக்கும். புதிது வாங்கி மாட்டினேன்.

பிப்ரவரி 21

இன்றும் அதே சண்டை. கடைக்காரன் மட்டமான கேஸ்கட்டைத் தலையில் கட்டிவிட்டான்.

மார்ச் 2, ஞாயிறு

இளவரசி சிதம்பரத்திலிருந்து வந்திருக்கிறாள். ஹாஸ்டல் சாப்பாட்டில் இளைத்துவிட்டாள். அம்மாவும் மகளும் சமையலறையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் என் முகத்தைப் பார்த்தார்கள். என்ன பேச்சு என்றேன். ஒண்ணுமில்லப்பா என்றாள். ஒன்றுமில்லாததற்கு எதற்கு இத்தனை ரகசியம்? கல்யாண விஷயமா, யாரையாவது காதலிக்கிறாளா? நேராகச் சொன்னால் நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்?

கடையிலும் இப்படித்தான். வேலை செய்கிறவர்கள் வாய்க்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள். என்னைப் பற்றித்தான்.

மார்ச் 12, புதன், மாசி மகம்

தேவனாம்பட்டினத்தில் சாமிகள் எல்லாம் கடலுக்கு வந்து போன பிறகு கச்சேரி. இந்த முறை நான் மேடையைப் பார்க்கவே இல்லை. கூட்டத்துக்கு நடுவே மேசை போட்டு மிக்ஸர் வைத்திருந்தார்கள். பாக்ஸ் ஓரத்தில் நின்றபடி காத்தவராயனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்பரசு குழலை எடுத்தான். காத்தவராயன் தலையைத் தூக்கி என்னைத் தேடினான். என்னைப் பார்த்தான். அவன் கை நைசாக ஒரு பட்டனைக் கீழே இழுத்தது.

என் கண்ணால பார்த்தேன். என்னைப் பார்த்துட்டே இழுக்கிறான்னா எவ்ளோ திமிர்!

நேராகப் போய்க் கேட்டுவிட்டேன். புல்லாங்குழல் மைக்கை ஏற்று என்றேன். இதுக்கு மேல ஏத்துனா மைக் கூவும் அண்ணே என்றான். ஏற்று என்று மேசையைத் தட்டினேன். ஏற்றினான். அப்போதும் ஒன்றும் பெரிதாக வரவில்லை. ஆனால் முன்வரிசையில் எல்லாரும் திடீரென்று காதைப் பொத்திக்கொண்டார்கள், ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. எதற்கென்று தெரியவில்லை. எங்காவது வேட்டுப் போட்டிருப்பார்கள். காத்தவராயன் அவசரமாக இறக்கிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். மாட்டிக்கொண்டவனுடைய பார்வை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாசி மகக் கச்சேரியை ஒருவர் போனில் எடுத்திருந்தார். கேட்டு வாங்கினேன். அதிலும் மேலே போகிற இடங்களில் குழல் இல்லை. ஆதாரம் கைக்கு வந்துவிட்டது.

இளவரசிக்கு அனுப்பினேன். அவள் உடனே கூப்பிட்டு, மாமா சூப்பரா வாசிச்சிருக்காருப்பா என்றாள். எங்கே வாசித்திருக்கிறான், கேட்டுப் பார்த்தாயா என்றேன். பேச்சை மாற்றினாள். நீ ஒருநாள் சிதம்பரம் வாப்பா, ஒரு வேலை இருக்கு என்றாள். என்ன வேலை என்றால் வந்தால் சொல்கிறேன் என்கிறாள்.

இவளும் அவர்களோடு சேர்ந்துவிட்டாள். எதில் சேர்ந்தாள் என்றுதான் புரியவில்லை.

மே 11, ஞாயிறு, சிதம்பரம்

தெற்கு வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன். கெடிலம் குழுவின் கச்சேரி. மாலதி என்னைப் போக வேண்டாம் என்றாள். அதனாலேயே போனேன்.

எல்லாம் வழக்கம் போலத்தான். மச்சான் ஊதுகிறான், சத்தம் இல்லை. பாட்டு முடிகிற வரையாவது பொறுத்திருக்கலாம். முடியவில்லை. மேடை ஓரம் போய், கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த ராஜமாணிக்கத்திடம் கத்தினேன். உங்க ஆளு வேணும்னே பண்றான், கல்யாணத்துக்குப் பொண்ணு எடுக்கலன்னு என் மச்சானைப் பழிவாங்குறான் என்று. அவர் முன்னால் இருந்த மைக் ஆனில் இருந்திருக்கிறது. மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. பெண் வீட்டார் எழுந்து நின்றார்கள். காத்தவராயன் இரண்டு கையையும் மிக்ஸரிலிருந்து எடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். பாட்டு நின்றது.

அன்பரசு என்னைப் பார்க்கவே இல்லை. குழலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான்.

உண்மையைச் சொன்னேன். சொல்லக் கூடாதா?

மே 13, செவ்வாய்

அன்பரசு வந்தான். உட்காரவில்லை. ராஜமாணிக்கம் அவனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஆகஸ்ட் கச்சேரியும் இல்லை. தனி வாசிப்பும் இல்லை.

“எனக்காகப் பேசுறேன்னு என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே மாமா.”

மேலே ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. அவன்கூட என்னிடம் வாய்க்குள் பேச ஆரம்பித்துவிட்டானே என்று எரிச்சலாகி, எதுவானாலும் வாயைத் திறந்து பேசுடா, இந்த வீட்ல எல்லாரும் ஏன் குசுகுசுன்னே பேசுறீங்க என்று கத்திவிட்டேன்.

மாலதி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். என் முகத்துக்கு நேராக நின்றாள்.

“நாங்க குசுகுசுன்னு பேசலைங்க. எப்பவும் பேசுற மாதிரிதான் பேசுறோம்.”

மே 14

தூக்கம் வரவில்லை. அவர்கள் சொன்னால் ஆயிற்றா?

காலையில் குக்கர் வைத்தாள். பக்கத்திலேயே போய் நின்றேன். வெயிட் துள்ளியது, ஆவி சீறிக்கொண்டு வந்தது. சத்தம் ரொம்ப மெலிசாக, எங்கேயோ தெருக்கோடியில் இருந்து வந்தது. மாலதி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

ஜூன் 7, சனி, சிதம்பரம்

இளவரசி சொன்ன வேலை இதுதான். காது பரிசோதிக்கிற இடத்துக்குக் கூட்டிப் போனாள். முன்னாடியே பேசி வைத்திருக்கிறாள். அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தது அவ்வளவுதான். காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை.

கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒரு சின்ன அறை. காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்துங்க சார் என்றாள் பரிசோதிக்கிற பெண். முதலில் சில சத்தங்கள் வந்தன, அழுத்தினேன். அப்புறம் ஒன்றும் இல்லை. வெளியே அவள் ஏதோ திருகிக்கொண்டிருந்தாள். மெஷினைச் சரிசெய்கிறாள் என்று காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன். பொறுமை போய்க் கதவைத் திறந்து, மிச்சத்தை எப்பம்மா ஆரம்பிப்பீங்க என்றேன்.

“எல்லாம் போட்டு முடிச்சாச்சு சார்.”

நம்பவில்லை. மெஷினில் கோளாறு இருக்கும், என் மகளை வைத்துப் பாருங்கள் என்றேன். இளவரசி உள்ளே போய் உட்கார்ந்தாள். நான் வெளியே நின்று கண்ணாடி வழியாக அவள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தினாள். அழுத்தினாள். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் என்னிடம் மெஷின் சத்தத்தில் வேலையா என்று கேட்டார். கடையில் டைல்ஸ் வெட்டுவது கொஞ்சம் என்றேன். கச்சேரிக்கெல்லாம் போவீங்களா, எங்க நிப்பீங்க என்றார். பாக்ஸ் ஓரம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இளவரசிதான் சொன்னாள். மெல்லிய சத்தமும் உச்சத்தில் போகிற சத்தமும்தான் முதலில் போகுமாம். போனது திரும்பாது, காதில் மெஷின் வைத்தால் சமாளிக்கலாம் என்றார்.

பஸ் புவனகிரி தாண்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. காது போனதற்காகவா, மச்சானுக்காகவா? இரண்டுக்கும்தான்.

ஜூன் 8, ஞாயிறு

காத்தவராயன் வீட்டுக்குப் போனேன். ஓல்டு டவுனில் சின்ன வீடு, வாசலிலேயே வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. எனக்குக் காது கேக்கல காத்தவராயா என்றேன். அவ்வளவுதான்.

சேர் எடுத்துப் போட்டார். ரொம்ப நாளாகவே தனக்குச் சந்தேகம் என்றார். மாசி மகத்தன்று குழல் மைக்கைக் கூவ விட்டபோது உறுதியாகிவிட்டதாம். கூட்டமே காதைப் பொத்துகிறது, நான் மட்டும் இன்னும் ஏற்று என்கிறேன். சரி, அதற்கு முன்னால் என்னைப் பார்த்துக்கொண்டே எதை இறக்கினீர் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. பழைய புத்தி.

“அது உங்க பக்கத்து பாக்ஸ் அண்ணே. நீங்க அதுலயே ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்களேன்னு எப்பவும் அதைக் கொஞ்சம் கொறச்சிதான் வெப்பேன்.”

அவர் அக்கா மகளுக்குப் போன தை மாதமே வடலூரில் கல்யாணம் முடிந்துவிட்டதாம். பத்திரிகைகூட வைத்தாராம். எனக்கு ஞாபகம் இல்லை.

என்னோடு ராஜமாணிக்கம் வீட்டுக்கு அவரே வந்தார்.

ஜூன் 9

ராஜமாணிக்கம் நேற்று சுலபத்தில் இறங்கி வரவில்லை. சிதம்பரத்துப் பெண் வீட்டார் ஊரெல்லாம் பேசி, இரண்டு கல்யாணக் கச்சேரிகள் கைவிட்டுப் போய்விட்டனவாம். காத்தவராயன் அன்பரசுக்காக எவ்வளவோ பேசினார். கடைசியில், அன்பரசை எடுத்துக்கொள்கிறேன், தனி வாசிப்பும் உண்டு, ஆனால் ஒரு நிபந்தனை என்றார். இந்த சீசன் முடிகிற வரை நான் எந்தக் கச்சேரிக்கும் வரக் கூடாது. ஆகஸ்ட் கச்சேரிக்கும்தான். ஓரமாக, தூரமாக, எங்கேயும் நிற்கக் கூடாது.

சரி என்றேன். யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆகஸ்ட் வரை காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

அன்பரசு இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. மாலதியிடம் பேசிவிட்டுப் போகிறான். இன்று கிளம்பும்போது மட்டும், மெஷின் வந்துடுச்சா மாமா என்றான், என் முகத்துக்கு நேராக, சத்தமாக. அளவு எடுத்திருக்கிறார்கள், வர நாளாகும் என்றேன்.

ஆகஸ்ட் 16, சனி

மாலதியும் இளவரசியும் மத்தியானமே தலைக்குக் குளித்துக் கிளம்பிவிட்டார்கள். நல்லா வாசிக்கச் சொல்லு என்றேன். நீங்களும் வரலாமே, கூட்டத்துல யாருக்குத் தெரியப் போவுது என்றாள் மாலதி. மனசு பறந்தது. வாக்குக் கொடுத்துட்டேன், போ என்று கதவைச் சாத்தினேன்.

டிவி போட்டேன், அணைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். மேடையில் இப்போது என்ன நடக்கும்? மைக் சரியாக இருக்குமா? காற்று அதிகமாக இருந்தால்? ராஜமாணிக்கம் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டால்? காத்தவராயன் இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏழரைக்கு மாலதி கூப்பிட்டாள். “என்னங்க, தம்பி எழுந்து நிக்கிறான். ஆரம்பிக்கப் போறான். போனை மேடைப் பக்கம் காட்டுறேன்.”

போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். காற்று இரைந்தது. கீழே இரண்டு சுரம் வந்த மாதிரி இருந்தது. அப்புறம் காற்றுதான். நடுவில் ஒருமுறை, கேக்குதாங்க என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. அழுகிறாள்.

“கேக்குது மாலதி. சுத்தமா வருது.”

அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். கை வலித்தது. எவ்வளவு நேரம் வாசித்தான் என்று தெரியவில்லை. பிறகு கைதட்டல் வந்தது. அது நன்றாகக் கேட்டது. விசில் அடித்தார்களா தெரியாது, ஆனால் தட்டிக்கொண்டே இருந்தார்கள், நிற்கவே இல்லை. எனக்கு ஒரு கையில் போன் இருந்தது. இன்னொரு கையால் தொடையில் தட்டினேன்.