டாக்டர் கேட்ட பெயர்

சைகாலின் அப்பாவுக்கு,

நம்ம ஊர் நாரினில் இன்னும் பனி விடவில்லை. நீங்கள் போனை எடுப்பதே இல்லை. அதனால் உங்களைப் போல வேலைக்கு மாஸ்கோ திரும்பும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சண்டை போட எழுதவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

அத்தை என்னை டாக்டரிடம் இழுத்துப்போனார். நம்ம ஊர் உப்பு டீயில், போட்டதை மறந்து மறுபடி உப்புப் போடுகிறேனாம். சைகால் சிரித்தால்கூட எரிந்து விழுகிறேனாம்.

"ஓநாய் எதிர்ல வந்தா உடம்புல கார்டிசோல்னு ஒண்ணு சுரக்கும்மா. ஓநாய் போனதும் அடங்கிடணும். உனக்கு அடங்கவே இல்ல. மாசக்கணக்கா இப்படியே ஓடினா தூக்கம், ஞாபகம், பொறுமை எல்லாத்தையும் அரிச்சிடும்," என்றார் டாக்டர்.

"அப்ப ஓநாய் எம்மகன்தான்," என்றார் அத்தை.

சீட்டில் எழுத டாக்டர் உங்கள் பெயரைக் கேட்டார். நான் தலைகுனிந்துகொண்டேன்.

"பாத்தீங்களா, இந்தக் காலத்துலயும் புருஷன் பேரைச் சொல்லாத மருமக!" என்று அத்தை பெருமையாக என் முதுகைத் தட்டி, தானே சொன்னார்.

அவர் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். அவர் சொல்லும்வரை அந்தப் பெயர் எனக்கு ஞாபகம் வரவில்லை.

குரலும் மறந்துபோவதற்குள் ஒருமுறை பேசுங்கள்.

உங்கள் மகளின் அம்மா