சோதிக்காமல் லாரி போகாது

குஷாய்குடா, ஜூலை 2004

அன்புள்ள அப்பாவுக்குத் தோத்திரம் சொல்லி ரோஸ்லின் எழுதுவது. முட்டுவலி குறைந்ததா? அம்மா ஒழுங்காக மாத்திரை போடுகிறாளா? நான் சுகம்.

கம்பெனியில் ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதீர்கள். கரண்ட் போனால் கைகொடுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் யூபிஎஸ் பெட்டிகளைச் சோதிக்காமலே லாரியில் ஏற்றச் சொன்னார்கள். மாதக் கடைசி, டார்கெட் முடிய வேண்டுமாம். சோதனை என் பொறுப்பு. லைனையே நிறுத்திவிட்டேன். மேனேஜர் ஸ்ரீனிவாஸ் ஓடி வந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்; இந்த ஊர் உருது கலந்துதான் பேசுவார், ‘ஏன்’ என்பதற்குக் ‘கைக்கு’ என்பார்.

“கைக்கும்மா நிறுத்தினே? சோதிச்சாச்சுன்னு கையெழுத்துப் போடு. இல்லேன்னா ஸ்டோர்ஸுக்குப் போ.”

“ஸ்டோர்ஸுக்குப் போறேன் சார். கையெழுத்து மட்டும் நக்கோ.”

அவர் பாஷையிலேயே ‘வேண்டாம்’ என்று சொன்னதும் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மறுநாள் சோதித்தபோது, கரண்டை நிறுத்தியதுமே சில பெட்டிகள் அணைந்துபோயின. அவற்றை எடுத்த பிறகுதான் லாரி கிளம்பியது. ஆனாலும் என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள்; மன்னிப்பு எழுதிக் கொடுத்தால்தான் பழைய வேலையாம். கொடுக்க மாட்டேன். ஸ்டோர்ஸில் ஆணி எண்ணச் சொன்னாலும் எண்ணுவேன். “வேலையை விட்டுட்டு வா” என்று நீங்களும் எழுதாதீர்கள்.

ஓர் ஆளுக்குப் போதுமான சின்ன இட்லிப் பானை கிடைத்தால் இங்கே வரும் ஆண்டனி அண்ணனிடம் கொடுத்தனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் கொஞ்சம் கூடுதலாகப் பேசுங்கள். இங்கே என்னோடு தமிழ் பேசிய ஒரே ஆள் மேனேஜர்தான். அவரும் இப்போது பேசுவதில்லை.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. தலை நிமிர்ந்துதான் ஏறப்போகிறேன்.

உங்கள் மகள்
ரோஸ்லின்