மூடி வைத்த அடுக்களை ஜன்னல்

இன்று முற்பகல், சோறு வடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக உன் வாசனை வந்தது. உன் வாசனை என்றதும் மல்லிகைப்பூ என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்கள். கருவாடு. கீழ் வீட்டில் யாரோ எண்ணெயில் போட்டு முறுகப் பொரிக்கிறார்கள். நீ பார்க்காத இந்த டாலிகஞ்ச் மாடிக்கு நான் வந்து எத்தனையோ வருஷமாகிறது. இந்தக் கட்டடத்தில் இந்த வாசனை எழுந்து நான் பார்த்ததில்லை. துணியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். முதலில் வந்தது பசி. நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நீ போன பிறகு உன்னோடு நிறையப் பேசியிருக்கிறேன், பெரும்பாலும் சண்டைதான். எழுதியது இல்லை. இன்று எழுதியே ஆக வேண்டும் போலிருக்கிறது.

நாம் சந்தித்தது தொண்ணூறுகளின் நடுவில், இங்கே வங்காளத்தில், தமிழ்ச் சபையின் பெண்கள் கூடுகையில். என் வீட்டுக்காரருக்கு வங்கியில் மாற்றல். உன் வீட்டுக்காரருக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. நான் திருச்சிக்காரி, நீ நெல்லைக் கடலோரம். ஜெபம் முடிந்து கண் திறந்ததும் நீ என் பக்கம் திரும்பி, முன்பின் தெரியாத என்னிடம், "ஏட்டி, ஒன் சேலை நல்லாருக்குன்னு பாட்டு முழுக்க அதையே பாத்துட்டு இருந்தேன். சொல்லிட்டேன், இனி நிம்மதி" என்றாய். இது என்ன ஜாதி மனுஷி என்று எனக்குத் திகைப்பு. அன்றே சிநேகிதமாகிவிட்டோம்.

போகப் போகத்தான் உன் பழக்கம் புரிந்தது. காலையில் ஜெபம் பண்ணும்போது செய்ய வேண்டியது ஏதாவது ஒன்று மனதில் பட்டால், அதை ஆண்டவர் சொன்னதாகவே எடுத்துக்கொள்வாய். எடுத்துக்கொண்டால் தள்ளிப்போடுவது கிடையாது. "இப்பவே" என்பதுதான் உன் சொல். "நாளைக்குன்னு வச்சா அது கேக்காத மாதிரிதான்" என்பாய். பாடகர் குழுவில் ஒருத்தியோடு மனஸ்தாபம் என்றால், கொட்டுகிற மழையில் பஸ் பிடித்துப் போய், வாசலில் சொட்டச் சொட்ட நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, உட்காராமல்கூடத் திரும்புவாய். ஒருநாள் புதிதாக வந்த குடும்பத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகத் தோன்றியது என்று மட்டன் குழம்பைத் தூக்கிக்கொண்டு போனாய். அவர்கள் வீட்டோடு உபவாசத்தில் இருந்தார்கள். வாசனையில் பிள்ளைகள் உபவாசத்தை முறித்துவிட்டன. "ஆண்டவர் கிழமை பாத்துச் சொல்ல மாட்டாரோ?" என்று நான் கேலி செய்தேன். "கிழமையெல்லாம் நாமதான் விசாரிக்கணும் போல" என்று நீயும் சேர்ந்து சிரித்தாய்.

எனக்கு இதெல்லாம் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. நம் ஆட்களுக்குக் கீழ்ப்படிதல் என்றால் பெரிய காரியம். ஊழியத்துக்குப் போவது, வேலையை விடுவது, பிரசங்கத்தில் சொல்லும்படி ஏதாவது. குழம்புச் சட்டிக்குள்ளும் துணிக்கொடியிலும் போய் ஆண்டவரைத் தேடுகிற ஆளை நான் உன்னிடம்தான் பார்த்தேன்.

அப்புறம் வந்தது மாடி வீட்டு மாஷிமாவின் கதை. மாஷிமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவள் முறை. ஆனால் உறவு கொண்டாடுகிற முகம் இல்லை அது. மகன் துறைமுகத்தில் வேலை பார்க்க, அவரோடு உன் வீட்டுக்கு நேர் மேலே இருந்தார். வெள்ளைச் சேலை, ஒட்ட வெட்டிய நரைமுடி. கணவர் இறந்த நாளிலிருந்து அந்தக் காலத்து விதவைகளைப் போல மீனைக் கையால் தொட்டதில்லை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவருக்கு நேர் கீழே, அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டை நீ பொரிக்கிறாய். இந்தப் பக்கத்து வங்காளிகள் பலருக்கு மீன் உயிர். காய்ந்த மீன் என்றால் குமட்டல். இது நமக்கு அப்போது தெரியாது. மீன் தின்கிற ஊர்தானே என்று நீ முதல் தடவை ஒரு கிண்ணம் நிறைய மேலேயே கொண்டுபோய் நீட்டிவிட்டாய்!

கதவு உன் முகத்தில் அறைந்து சாத்தப்பட்டது. அன்று மாலை படிக்கட்டு முழுக்க ஃபினாயில். அதற்குப் பிறகு நீ கருவாடு பொரிக்கும் நாளெல்லாம் ஃபினாயில்தான். அடுக்களை ஜன்னலைச் சாத்திப் பார்த்தாய், கதவிடுக்கில் பழைய துண்டைத் திணித்துப் பார்த்தாய். வீடு கருவாட்டு டப்பா ஆனதுதான் மிச்சம். படியில் எதிரே வந்தால் மாஷிமா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு சுவரோரம் ஒதுங்குவார். உனக்கு அது வலித்தது. எதையும் சிரித்தே கடத்துகிற நீ, அதைச் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது சொன்னாய்: "ஜெபத்துல சொன்னாரு, கருவாட்ட விட்டுட்டேன்ட்டி."

கடற்கரையில் பிறந்தவள் கருவாட்டை விடுவதா? எனக்குக் கோபமே வந்தது. "ஆண்டவருக்கு வேற வேலையில்லையா? உன் சட்டியிலயா வந்து பார்க்கிறார்?"

"வேற எங்க பாப்பாரு? தினமும் நான் நிக்கிறது அங்கனதான்."

"சரி, மாடியில போய் சொன்னியா? உங்களுக்காக நிறுத்திட்டேன்னு?"

"அத எதுக்குச் சொல்லணும்? சொன்னா வியாபாரமாயிரும்."

மாதங்கள் போயின. மாஷிமா பேசவில்லை. ஃபினாயில் நின்றது, அவ்வளவுதான். தண்ணீர் வருகிற நேரத்தில் உன் வாளியைத் தள்ளிவிட்டுத் தன் வாளியை வைப்பதுகூட நிற்கவில்லை. நீயோ ஊரிலிருந்து வந்த பார்சலைப் பிரிக்காமல் என் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாய். நான் பொரித்துப் பரிமாறினால் வாங்கிக்கொள்வாயோ என்று எனக்குச் சந்தேகம். தட்டைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தாய். "என் அடுப்புல வேண்டாம்னுதான் சொன்னாரு. ஒன் அடுப்பப் பத்தி ஒண்ணுமே சொல்லல" என்று ரசம் சோற்றில் ஒரு கை கருவாட்டை எடுத்து வைத்தாயே, அந்த முகம் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கிடர்பூரிலிருந்து பஸ் ஏறி வருவாய். வாயெல்லாம் எண்ணெயோடு நாம் ஊர் வம்பு பேசுவோம்.

ஆனாலும் என் மனம் ஆறவில்லை. "இத்தனை வருஷமாச்சு, அந்தம்மா ஒரு வார்த்தை பேசினாங்களா? என்ன பிரயோஜனம்?" என்று ஒருநாள் பொரிந்து தள்ளினேன். நீ விரலைச் சப்பிக்கொண்டே நிதானமாகச் சொன்னாய்: "அவிய பேசுவாவன்னு ஆண்டவர் எங்கிட்டச் சொல்லலியேட்டி. என்ன நிறுத்தச் சொன்னாரு. நிறுத்திட்டேன். அவியளுக்கு என்ன சொன்னாரோ, அது அவிய பாடு."

உன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் நீ படுத்தாய். வயிற்றில் வந்த வியாதி. ஆஸ்பத்திரியில் செய்வதையெல்லாம் செய்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பஸ் மாறி வந்து பகலெல்லாம் உன் பக்கத்தில் இருப்பேன். கஞ்சி இறங்கவில்லை, ஆரஞ்சுச் சாறு இறங்கவில்லை. எது கொடுத்தாலும் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்றாய். ஒருநாள் கண்ணை மூடியபடியே, "ஒரு வாய் கருவாடு கெடச்சா சோறு எறங்கும் போலிருக்கு" என்றாய். நான் எழுந்துவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் பொரித்துக் கொண்டுவருகிறேன் என்றேன்.

"வேண்டாம்ட்டி. டப்பாவத் தொறந்தா வாசம் மாடிக்குப் போவாதா?"

என் வாழ்நாளில் உன்மேல் எனக்கு வந்த பெரிய கோபம் அதுதான். சாகக் கிடக்கும்போதுமா? உன்மேல் மட்டுமா, மாஷிமாமேல், ஆண்டவர்மேலும்தான். அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தம் வரும்படி கழுவினேன். வெளியில் துறைமுக லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நீ உள்ளேயிருந்து, "சட்டிய நெளிச்சுராத" என்று மெல்லிய குரலில் கேலி செய்தாய். நான் அழுதேன்.

மறுநாள் நண்பகலில் கதவு தட்டும் சத்தம். மாஷிமா நின்றிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், கடைத்தெருவரை நடந்து போய் வந்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார். மறுகையை உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்திருந்தார். அதில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"ஷுட்கி" என்றார். வங்காளத்தில் கருவாட்டின் பெயர் அதுதான்.

உனக்கு உடம்பு முடியவில்லை என்று உன் வீட்டு வேலைக்காரப் பெண் சொல்லியிருக்கலாம். கருவாட்டைப் பற்றிச் சொன்னது யார்? நான் சொல்லவில்லை, நீயும் சொல்லியிருக்க மாட்டாய். நான் என் அரைகுறை வங்காளியில் கேட்டேன். அவர் என்னைத் தாண்டிக் கட்டிலில் கிடந்த உன்னையே பார்த்தபடி சொன்னார்: "கொந்தோ ஆஷே நா. ஆமி கி புஜி நா?" வாசனை வருவதில்லை. எனக்கா புரியாது?

அவருக்காகத்தான் நீ நிறுத்தினாய் என்று இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்ல அந்த வாய் வராமல் இருந்திருக்கிறது.

அவர் வாங்கி வந்தது நெத்திலி இல்லை. நீளமாக, வெளிறிப்போன வேறு ஏதோ மீன். கடையில் எதைக் கேட்பதென்று அவருக்கு என்ன தெரியும்? நான் கழுவி, மிளகாய்த்தூள் பிரட்டி எண்ணெயில் போட்டேன். அடுக்களை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய நின்றாரே தவிர, நகரவில்லை. மூடியே கிடந்த அந்த ஜன்னலைக் காட்டி, "ஜானாலா குலே தாவ், பௌமா" என்றார். ஜன்னலைத் திற, மருமகளே. நான் தயங்கினேன். வாசனை நேராக அவர் அடுக்களைக்குத்தான் போகும். எனக்குக் காத்திராமல் அவரே போய்க் கொக்கியை நீக்கித் தள்ளினார். துருப்பிடித்துப்போனதால் இரண்டு கையும் வேண்டியிருந்தது. மூக்கிலிருந்து தலைப்பை விட்டுவிட்டார்.

நீ இரண்டு வாய் சாப்பிட்டாய். மூன்றாவது முடியவில்லை. மாஷிமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாலோ?" என்று கேட்டார். நல்லாயிருக்கா? "கூப் பாலோ" என்றாய், ரொம்ப நல்லாயிருக்கு என்று. அவர் மேலே போன பிறகு என்னிடம், "உப்பு கம்மி. எங்க ஊரு கருவாட்டுப் பக்கத்துல நிக்காது" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். மேலே மாஷிமா குளிக்கும் தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அதற்குப் பிறகு நீ அதிக நாள் இருக்கவில்லை. உன்னை அடக்கம் பண்ணிய அன்று மாஷிமா கல்லறைத் தோட்டத்து வாசல்வரை வந்தார். உள்ளே வரலாமா என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். நான் போய்க் கைபிடித்து அழைத்து வந்தேன். ஆண்டவர் அவருக்கு என்ன சொன்னாரோ, அதை அவரும் கேட்டுவிட்டார் போலிருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எதிர் வீட்டுக்காரர் வந்து மணி அடித்தார். நல்ல மனிதர்தான், மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தார். கீழே புதிதாகக் குடிவந்திருக்கும் இளம் தம்பதி. அந்தப் பெண்ணின் குடும்பம் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களாம், அவர்களுக்கு ஷுட்கி பிடிக்குமாம். "மாஷிமா, ஆப்னி ஏக்டு போலுன்" என்றார். நீங்கள் கொஞ்சம் சொல்லுங்கள். கட்டடத்தில் பெரியவள் நான். நான் ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவார்களாம்.

அவர் போன பிறகுதான் உறைத்தது. மாடி வீட்டு மாஷிமா இப்போது நான்.

சொல்கிறேன் என்று அவரிடம் தலையாட்டியிருந்தேன். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம், முழங்கால் வலிக்கிறது, இதை எழுதி முடித்துவிடலாம் என்றெல்லாம் தோன்றியது. உன் குரல் விட்டால்தானே! ஒரு கிண்ணத்தில் சோறு எடுத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினேன்.

அந்தப் பெண் கதவைப் பாதி திறந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. யாரோ ஏற்கெனவே ஏதோ சொல்லியிருக்கிறார்கள். "ஸாரி மாஷிமா, ஆர் ஹோபே நா" என்றாள் அவசரமாக. இனி நடக்காது. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். அடுக்களை ஜன்னலை இறுகச் சாத்தி, இடுக்கில் துண்டு திணித்திருந்தாள்.

கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தேன். "இதுல ரெண்டு துண்டு ஷுட்கி வை" என்றேன் வங்காளியில். அவள் விழித்தாள். நான் உள்ளே போய், துண்டை உருவி, ஜன்னலைத் திறந்தேன்.