எண்ணெய் தொடாத நாள்

21 ஏப்ரல் 1969, திங்கள்

பல்லாவரத்து நர்சிங் ஹோமிலும் வேலை இல்லை என்றுவிட்டார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் மசாஜ் கற்று வாங்கிய சர்டிபிகேட்டை நீட்டினேன். டாக்டர் பார்க்கக்கூட இல்லை. "குழந்தை குளிப்பாட்ட ஆயா இருக்காங்கம்மா" என்றார். நானா குளிப்பாட்ட வந்தேன்? சர்டிபிகேட்டை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வில்பிரட் அண்ணனுக்கு ஜூனில் திருச்சிக்கு மாற்றல். "இங்க வேலை கிடைச்சா இரு, ஜோதி. இல்லேன்னா எங்களோட கிளம்பு. அங்க டைப்ரைட்டிங் கத்துக்கலாம்" என்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலை. பிடித்ததும் இதுதான். போக மாட்டேன்.

24 ஏப்ரல்

கீழ்க்கட்டளையில் ஒருவருக்குக் கால்வலி என்று சொன்னார்கள், போனேன். மனைவி ஊருக்குப் போயிருக்கிறாளாம். உள்ளே வா என்கிறார். "பெண்களுக்கு மட்டும்தான் சார்" என்று வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன். சீ! பஸ்ஸில் வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

5 மே, திங்கள்

ஒரு வீடு கிடைத்துவிட்டது! மாடம்பாக்கம். கிளியம்மாள் என்று ஓர் அம்மா, நிலபுலம் உள்ள குடும்பம். கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று, எலும்பும் கூடிவிட்டது. விரல்கள்தான் மடங்கவில்லை. மருமகள் அஞ்சம்மாள்தான் சோறு ஊட்டுகிறாள். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்கிக்கொள்கிறார்.

ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் பவுடர் டப்பாவை எடுத்தேன். அஞ்சம்மாள் சிரித்தாளே ஒரு சிரிப்பு! "இன்னாம்மா இது, அத்தைக்குக் கண்ணாலமா?" கிளியம்மாளும் விடவில்லை: "எண்ணெ இல்லாம தேய்க்கறது இன்னா தேய்ப்பு?" சரி, நல்லெண்ணெயே என்றேன். கிடைத்தது ஒரு வீடு, அதில் வீம்பு என்ன?

ஆனால் எண்ணெய் என்றால் பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும்தானாம். கைக்கு மட்டும் என்றாலும் அப்படித்தானாம். எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல் சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போக. யார் நாள் பார்த்தார்கள்?

13 மே, செவ்வாய்

வாரத்தில் இரண்டு நாள் போதவே போதாது. வெள்ளிக்கிழமை இளக்கியது செவ்வாய்க்குள் இறுகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் என் இரண்டு விரலை அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்து "அழுத்துங்கம்மா" என்கிறேன். ம்ஹும். அவர் கை மரக்கரண்டி மாதிரி சும்மா கிடக்கிறது.

16 மே, வெள்ளி

மானம் போயிற்று. வெள்ளிக்கிழமைதானே என்று நானே எண்ணெயைச் சுடவைத்துக் கிண்ணத்தோடு உள்ளே போனேன். அஞ்சம்மாள் கத்திவிட்டாள். "அமாவாசையும் அதுவுமா எண்ணெயத் தூக்கிகினு நடு வூட்டுக்கு வர்றியே! இது கூடவா தெரியாது?"

தெரியாதே! எங்கள் வீட்டுக் காலண்டரில் வேத வசனம்தான் இருக்கிறது, அமாவாசை எங்கே இருக்கிறது? மன்னிப்புக் கேட்டு வந்திருக்கலாம். கேட்டேனா? "நாள் பார்த்துக்கிட்டே இருங்க! விரல் கட்டையா நின்னுடும், ஆயுசுக்கும் நீங்கதான் ஊட்டணும்!" என்று நானும் கத்திவிட்டு வந்துவிட்டேன். அந்த அம்மா எதிரிலேயே.

இருந்தது ஒரே வீடு. அதையும் வாயால் கெடுத்துக்கொண்டேன்.

17 மே

அண்ணி என் புடவைகளையும் பெட்டியில் மடித்து வைத்துவிட்டார்.

19 மே, திங்கள்

காலையில் கிளியம்மாளின் மகன் தட்சிணாமூர்த்தி சைக்கிளில் வந்தார். "அம்மா உங்களக் கூப்புடுது." அப்படியே கிளம்பிப் போனேன்.

"ஆயுசுக்கும் ஊட்டணும்னியே, நெசமா?" என்றார் கிளியம்மாள்.

"தினமும் தேய்க்கலேன்னா அப்படித்தாம்மா ஆகும். ஆனா அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"அத்த வுடு. உன் பவுடருக்கு நாளு கெழமை எதுனா கீதா?"

அட! எனக்கு இது தோன்றவே இல்லையே. எண்ணெய்க்குத்தானே நாள்? பவுடரை யார் தடுத்தார்கள்?

"இல்லம்மா. தினமும் போடலாம்."

"அமாவாசைக்கும் ஆவுமா?" இது அஞ்சம்மாள், கதவுக்குப் பின்னாலிருந்து.

"ஆகும்."

"அப்பறம் இன்னா, எடுடி டப்பாவ" என்றார் கிளியம்மாள். அஞ்சம்மாள்தான் பாயை விரித்தாள்.

30 மே

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அசைகின்றன. என் பவுடரை அஞ்சம்மாள் முகத்தில் பூசிக்கொள்வதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

14 ஜூன், சனி

இன்று அமாவாசை. டப்பாவோடு போனேன். சொல்லிக்கொண்டு வர அண்ணனும் கூட வந்தார். திங்கட்கிழமை ரயிலுக்கு எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருக்கிறார். ஒரு வீட்டை நம்பித் தங்கச்சியை எப்படி விட்டுப்போவது என்கிறார்.

தேய்த்து முடித்து, வழக்கம்போல் விரல்களை வைத்து "அழுத்துங்கம்மா" என்றேன். அவர் அண்ணனைப் பார்த்தார்.

"இவளக் கூட்டிகினு போறியாமே தம்பி?"

"ஆமாங்கம்மா. இங்க தனியா எப்படி..."

"ஆ!" என்று அலறிவிட்டேன். என் விரலை நெரித்துவிட்டார்! "விடுங்கம்மா, வலிக்குது!"

விடவில்லை. "பின்கட்டு ரூமு காலியா கீது. இந்தத் தெருவுல முட்டிவலிக்காரிங்க மட்டும் எத்தினி பேரு தெரியுமா? அல்லாரும் கேட்டுகினு கீறாங்க. இவ எங்கயும் வர மாட்டா, நீ போய்ட்டு வா."

அண்ணன் என்னைப் பார்த்தார். "ரொம்ப வலிக்குதா?"

"ரொம்பண்ணா" என்றேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

16 ஜூன், திங்கள்

தாம்பரம் ஸ்டேஷனில் அண்ணனையும் அண்ணியையும் ரயிலேற்றிவிட்டு வந்தேன். என் பெட்டி மாடம்பாக்கத்துப் பின்கட்டு அறையில் இருக்கிறது. மதியம் கிளியம்மாள் தன் கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். பாதி சோறு தரையில், ஆனால் ஒருவரையும் கிட்டே விடவில்லை.

எனக்குத்தான் விரல் வீங்கிப்போய்ப் பேனா பிடிக்கவே கஷ்டமாக இருக்கிறது. காலையில் அஞ்சம்மாளைத் தேய்த்துவிடச் சொல்ல வேண்டும். நாளை செவ்வாய்தானே, எண்ணெயே ஆகும்.