பயிற்சி வகுப்பில் அப்பா

அன்பு மகள் பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நான் இருக்கிறேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். மாடிக் குழாய் ஒழுகியதை ஆள் வந்து சரிசெய்துவிட்டான். அப்பா போனபிறகு ஒருத்திக்கு மட்டும் சமைக்க இன்னும் கை பழகவில்லை.

விஷயம் இதுதான். அப்பா பாடம் நடத்தியதைப் பல்கலைக்கழகத்தில் வீடியோ எடுத்தார்களே, அதைப் புதிதாகச் சேரும் மொழி ஆசிரியர்களின் பயிற்சி வகுப்பில் காட்டலாமா என்று துறைத்தலைவி கேட்டதற்கு, நீ போனில் "செத்தவரப் போட்டுக் குத்தம் சொல்லுவாங்க, வேண்டாம்மா" என்று அழுதாய். அதைச் சொல்லிவிட்டு வரத்தான் போனேன். ஒருதடவை பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று துறைத்தலைவி என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார், அங்கே வேலை பார்ப்பவர்களும் நாலைந்து பேர் இருந்தார்கள். நீ பயந்தது சரிதான், வீடியோவை நிறுத்தி நிறுத்திக் குற்றம்தான் சொன்னார்கள், ஜன்னல் பக்கத்துப் பிள்ளைகளையே பார்க்கிறார், குரல் பின்னால் எட்டவில்லை என்று. அப்புறம் அப்பா ஒரு பெண்ணை எழுப்பி தான் சொல்லிக்கொடுக்கிற பாஷையில் ஏதோ கேட்டார், அவளுக்குப் பதில் வரவில்லை. அப்பா எடுத்துக்கொடுக்கவில்லை, ஒன்றும் எழுதாத போர்டைத் திரும்பி நின்று துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் மென்று விழுங்கித் தப்பும் தவறுமாக ஒரு வரி சொன்னாள். சட்டென்று திரும்பினார் பார், அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லையடி. வீட்டில் நான் வாயைத் திறந்தால் மீதியைத் தானே சொல்லி முடிக்கிற மனுஷன். இந்த வருஷம் சேர்ந்த ஆசிரியை "இவ்ளோ நேரமா காத்திருப்பாங்க? நானா இருந்தா சொல்லிக்குடுத்திருப்பேன்" என்றாள். துறைத்தலைவி "அதுக்குத்தான் இதப் போடணும்ங்கறேன்" என்றார்.

நான் சிரித்தாலும் அழுதாலும் சுவரில் மாட்டிய அப்பா போட்டோவில் அதே முகம்தான். அந்த வீடியோவில் அவர் திரும்புகிறார். அதனால் உன்னைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன். வருஷா வருஷம் போடுவார்களாம், எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

நீயும் பாடம் நடத்துகிறவள்தானே, உன் வகுப்பையும் பார்த்து யாராவது குறை சொன்னால் சாப்பிடாமல் படுத்துக்கொள்ளாதே. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் ரொம்ப காலம் நன்றாயிருக்க வேண்டும். என்மேல் கோபம் இருந்தால் போனில் வேண்டாம், லீவு போட்டு வந்து நேரிலேயே திட்டிவிட்டுப் போ.

நீ வருவாய் என்றிருக்கும்
அம்மா