கல்லுவீட்டம்மா பேரில் ஒரு பாடு

பேர் தெரியாத என் அக்காவுக்கு,

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தில், மதில் ஓரமாகப் பாதி உடைந்த கல்லுக்கு அடியில் இருக்கிறாயே, உனக்குத்தான் இந்தக் கடிதம். உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று ரொம்ப நாள் குழம்பினேன். நீ என்னைவிட முந்நூறு வருஷத்துக்கும் மேல் மூத்தவள். ஆனால் கல்லில் உன் வயது இருபத்திரண்டு என்று போட்டிருக்கிறது. எனக்கும் இப்போது அதே வயசுதான். அதனால் அக்கா, ஆனால் நீ. சரியா?

உன் பேர் இருந்த இடம் உதிர்ந்துபோய்விட்டது. 'இன்னாரின் மனைவி' என்பதில் மனைவி மட்டும் மிச்சம். அந்த இன்னாரும் உடைந்துபோய்விட்டார். அப்புறம் வயது, ஒரு பூ. அவ்வளவுதான். எனக்கு யாரும் டச்சு சொல்லித் தரவில்லை. அனுப்பம்பட்டில் ரயில் ஏறி வேலைக்குப் போய்வருகிற நேரத்தில் போனிலேயே கற்றுக்கொண்டேன். உன் கல்லை நானே வாசித்த அன்றைக்கு, காவல்காரர் பயந்து ஓடிவருகிற அளவுக்குக் கத்திவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்வி. நீ மத்தியானம் என்ன சாப்பிட்டாய்?

சிரிக்காதே. உங்கள் கோட்டையைப் பற்றித் தேடினால் கிடைக்கிறது. கப்பலில் எத்தனை விதத் துணி போனது என்பதுகூடக் கிடைக்கிறது. ஆனால் கோட்டைக்குள் ஒரு பெண் பசி எடுத்தபோது என்ன தின்றாள் என்று யாரும் எழுதி வைத்ததாக என் கண்ணில் படவில்லை. உன் வீட்டு வாசலுக்கு இறால்காரி வந்தாளா? எந்த பாஷையில் பேரம் பேசினாய்? முதல் தடவை நண்டு உடைக்கும்போது விரலை வெட்டிக்கொண்டாயா? அதையெல்லாம் விடு, நீ ஹாலந்திலிருந்து கப்பலில் வந்தவள்தானா? இங்கேயே பிறந்து, பேர் மாற்றி, ஒரு டச்சுக்காரனைக் கட்டிக்கொண்டவர்களும் இருந்தார்களாமே. நீ எங்கள் ஊர்ப் பெண்ணாகவே இருந்தால்?

இந்தக் கேள்வி ஏன் திடீரென்று இவ்வளவு முக்கியமானது என்று சொல்கிறேன்.

நாங்கள் ஒரு சின்ன குழு. ஊரின் பழைய இடங்களை வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை ஏரிச் சாப்பாடு போடுவோம். லாபக் கணக்கு கிடையாது. சாப்பிட்டவர்கள் கொடுப்பதும், ஊரைப் பற்றி நான் போடுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு யாராவது பணம் அனுப்புவதும்தான் வருமானம். சமையல் கஸ்தூரி அக்கா. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் தவழ்ந்து, கையாலேயே இறால் பிடிப்பவள். பறி என்றால் பனை ஓலைக் கூடை. உன் காலத்திலும் இருந்திருக்குமே?

இந்த வருஷம் காற்றில் சமையல் கொட்டகையின் கூரை போய்விட்டது. மழை ஆரம்பித்தால் அடுப்பு பற்றவைக்க முடியாது. மழைக்கு முன்னால் கூரை போடவில்லை என்றால் மூடிவிட்டு மீஞ்சூரில் கம்பெனி கூட்டுகிற வேலைக்குப் போவதாகக் கஸ்தூரி அக்கா சொல்லிவிட்டாள். அவள் போய்விட்டால் சாப்பாடு இல்லை. சாப்பாடு இல்லை என்றால் யாரும் அவ்வளவு தூரம் வந்து உடைந்த கல்லைப் பார்க்கப் போவதில்லை.

சென்னையில் ஒரு அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது என்று விண்ணப்பித்தேன். ஒரு மேடம் நேரில் வந்தார். நல்ல மனுஷி, எல்லோருடனும் தரையில் உட்கார்ந்து பேசினார். ஆனால் இரண்டு விஷயம் கேட்டார். ஒன்று, 'டச்சு விருந்து' என்று சாப்பாட்டுக்குப் பேர் வைக்க வேண்டும், அதில் டச்சுக்காரர்கள் இங்கே சாப்பிட்ட பதார்த்தம் ஒன்றாவது இருக்க வேண்டும். இரண்டு, ஊர் தன் பங்காக ஏதாவது கொடுத்திருக்க வேண்டும். ஊரே தராதபோது வெளியார் ஏன் தர வேண்டும் என்றார். நியாயம்தானே?

உன்னைத் தேடி எத்தனை ராத்திரி போனைக் குடைந்தேன் தெரியுமா. பழைய கையெழுத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். மிளகு வந்தது, அரிசி வந்தது, சாராயம் வந்தது. நீ வரவில்லை. கடைசியில் கஸ்தூரி அக்காவிடம் போய் நின்றேன்.

"அதுக்கு இன்னாமே, ரெண்டு முட்டைய ஒடச்சி ஊத்தி இதான் டச்சுக் கொயம்புன்னு சொல்லிடலாம். எவன் எந்திரிச்சி வந்து இல்லன்னு சொல்லப் போறான்?" என்றாள் அவள். நான் உடனே உன் கல்லை நினைத்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே, "சரி சரி, அழுவாத. தெரியலன்னே சொல்லிடு," என்றாள்.

சொன்னேன். மேடத்துக்குப் போன் போட்டு அப்படியே சொன்னேன். தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தால் மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொள்வது கஷ்டம் என்றார். அப்புறம், ஊர்ப் பங்கையாவது காட்டு, நான் பேசிப் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார்.

ஊரிடம் கேட்பது லேசா? எங்கள் ஊரில் கொடுப்பதென்றால் பாடுதான். ஏரியில் நல்ல இடத்தில் என்றைக்கு யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டு எடுத்து முறை வைப்போம். அந்த முறைக்குப் பேர்தான் பாடு. அன்றைக்குக் கிடைப்பதெல்லாம் அந்த வீட்டுக்கு. திருவிழாவுக்காகச் சாமிக்கு ஒரு பாடு விடுவார்கள். அந்த மாதிரி எங்கள் சமையலுக்கும் ஒன்று விடச் சொல்லி நைனா ஊர்க் கூட்டத்தில் கேட்டார். நைனா என்றால் என் அப்பா. அவருக்குக் கூட்டத்தில் பேசியே பழக்கமில்லை. துண்டை முறுக்கிக்கொண்டே கேட்டார்.

யாரும் கோபப்படவில்லை. ஆனால் ஊர்த் தலைவருக்கு ஒரு சிக்கல். பாடு என்றால் ஒரு வீட்டுப் பேரைக் கூப்பிட வேண்டும். சமையல் கொட்டகை வீடு இல்லை. கஸ்தூரி அக்கா பேரைச் சொல்லலாம் என்றால், கையால் பிடிக்கிறவர்களுக்கு எந்த ஊரிலும் பாடு கிடையாது, அவள் எங்கள் ஊரும் இல்லை. ஒரு தடவை சேர்த்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பேர் இல்லாமல் சீட்டு இல்லை. கூட்டம் கலைய எழுந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உன் ஞாபகம் வந்தது, அக்கா.

எங்கள் ஊரில் ஒருவர் செத்துப்போனால் அந்த வீட்டுப் பாடு போய்விடாது. பிள்ளை வளர்ந்து வலையைத் தொடுகிற வரைக்கும் செத்தவர் பேரைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் இருந்து யாராவது 'கீறோம்', அதாவது இருக்கிறோம் என்று குரல் கொடுக்க வேண்டும். பெண்கள் கூட்டத்துக்கு வருவது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். குரல் வரவில்லை என்றால் சீட்டைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள்.

நான் வீடியோ எடுக்கத்தான் ஓரமாக நின்றிருந்தேன். போனை இறக்கிவிட்டு, கல்லறைத் தோட்டத்து அம்மா பேரில் கூப்பிடுங்கள் என்றேன். செத்தவர் பேரைக் கூப்பிடுவது நமக்குப் புதுசா என்றும் கேட்டுவிட்டேன்.

தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தம்மாவுக்கு ஊட்ல ஆம்பள யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா சொன்னார். "கல்லுலயே எயுதிகீதுபா, இன்னாரு பொண்டாட்டின்னு. அந்தாளு பேரு ஒடஞ்சி பூட்ச்சி. அதுக்கு அந்தம்மா இன்னா பண்ணும்?"

மொத்தக் கூட்டமும் சிரித்தது. ஆனால் சிரித்து முடிந்த பிறகு யாரும் எழுந்து போகவில்லை. ஒரு பெரியவர், நம்மூரு மண்ணில்தானே இத்தனை காலம் படுத்திருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். வலை நான் கட்டுகிறேன் என்றார் நைனா. தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு சீட்டில் 'கல்லுவீட்டம்மா' என்று எழுதினார். உனக்குப் பேர் வைத்தாகிவிட்டது. பிடித்திருக்கிறதா?

சீட்டு எடுத்த அன்றைக்கு நானும் பெண்களோடு போய் நின்றேன். "கல்லுவீட்டம்மா" என்று கூப்பிட்டார்கள். "கீறோம்" என்றேன். பக்கத்திலிருந்த விதவைப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அவள் புருஷன் பேருக்காகக் காத்திருந்தாள்.

உன் பாடு வந்த அன்றைக்கு நல்ல இறால், அக்கா. வெள்ளை இறாலும் கொஞ்சம் கொடுவா மீனும். பாதியை விற்றுக் கூரைக்குத் தகடு வாங்கினோம். மீதியைச் சமைத்தோம். மேடமும் வந்து சாப்பிட்டார். இரண்டாவது தடவை குழம்பு ஊற்றிக்கொண்டே இதற்கு என்ன பேர் என்று கேட்டார். "இறாக் கொயம்பும்மா," என்றாள் கஸ்தூரி அக்கா. மேடம் அதையே எழுதிக்கொண்டார். பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் உதவி வந்துவிட்டது. 'டச்சு விருந்து' என்று பேர்ப் பலகை மாட்டுவதற்கு இல்லை. மிச்சத்தை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். கிடைக்குமா என்பது தெரியாது.

கஸ்தூரி அக்கா மீஞ்சூருக்குப் போகவில்லை. நேற்று முதல் மழை. தகரத்தின் மேல் விழுகிற சத்தத்தில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கவில்லை. அவள் பாட்டுக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். உன் சமையலறையும் மழையில் ஒழுகியதா? யார் ஏறி ஓடு மாற்றினார்கள்?

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை. பேர் தெரியாத உனக்குப் பாடு கிடைத்தது. கஸ்தூரி அக்காவுக்குப் பேர் இருந்தும் கிடைக்கவில்லை. அவளிடம் சொன்னேன். "எனக்குக் கை கீது, வுடு," என்றாள். நான் விடப் போவதில்லை. அடுத்த கூட்டத்தில் இதையும் கேட்பேன்.

நீ என்ன சாப்பிட்டாய் என்று தொடர்ந்து தேடிக்கொண்டுதான் இருப்பேன். கிடைத்தால் முதலில் உன்னிடம் வந்து சரிபார்த்துக்கொள்கிறேன். கிடைக்காவிட்டாலும் கவலைப்படாதே. ஊரில் சீட்டு எடுக்கும்போதெல்லாம் உன் பேர் வரும். எவ்வளவு வேலை இருந்தாலும், எந்த ரயிலைத் தவறவிட்டாலும், நான் அங்கே நிற்பேன். உன் சீட்டை யாரும் தள்ளிவைக்க விடமாட்டேன்.

உனக்காகக் 'கீறோம்' சொல்லும் வீட்டுக்காரி,
உன் தங்கச்சி ஷாலினி