சந்தேகப்பட ஒரு சட்டம்

மார்ச் 4, திங்கள்

சட்டம் நிறைவேறிவிட்டதாம். எங்களைப் போன்ற பொடி வங்கிகளும் மோசடியைக் கண்டுபிடிக்கும் நவீன மென்பொருளை வாங்கிக்கொள்ள அரசு இனி ஊக்குவிக்கும். "கட்டாயம் இல்ல, ஊக்கம்தான்" என்று மேலாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். வாங்கினால் பாதிச் செலவு அரசுடையது. வாங்காவிட்டால் தணிக்கைக்காரர்கள் அடிக்கடி வந்து நலம் விசாரிப்பார்கள். சின்ன வயதில் அம்மா கையில் கரண்டியோடு நின்று "படிக்கறியா இல்லையா" என்று கேட்டதும் இந்த வகை ஊக்கம்தான்.

எங்கள் வங்கிக்கு மொத்தம் இரண்டு கிளைகள். இரண்டாவதில் கூரை ஒழுகுகிறது. அதற்கு இன்னும் சட்டம் வரவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

மென்பொருள் வந்தாயிற்று. நிறுவ வந்தவர், "இது தானாவே கத்துக்கும் சார்" என்றார். இந்தக் கிளையில் தானாக எதையாவது கற்றுக்கொள்ளப் போகிற முதல் ஆள்!

வாடிக்கையாளரின் பழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் பணத்தை நிறுத்திவிட்டுத் திரையில் சிவப்பு காட்டும். அதன் வேலை அத்தோடு முடிந்தது. பிறகு ஒரு மனுஷி போன் போட்டு, "நீங்கதான் அனுப்பினீங்களா" என்று கேட்க வேண்டும். அந்த மனுஷி நான். இன்று முதல் 'மோசடித் தடுப்பு அலுவலர்'. பெயர்ப்பலகை புதிது, சம்பளம் பழையது.

மார்ச் 27, புதன்

இதுவரை பிடிபட்ட பயங்கரக் குற்றவாளிகள்: புது அடுப்பு வாங்கிய ரொட்டிக் கடைக்காரர். மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்டிய பூக்கடை அம்மா. விடுதியில் இருவருக்கு அறை எடுத்த பல் டாக்டர் – போனை எடுத்தது அவர் மனைவி. அது மோசடிதான், ஆனால் என் துறையில் வராது.

மேலாளர் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார். பழக்கத்துக்கு மாறானது என்று நிறுத்திவிட்டது. நிஜமாகவே கற்றுக்கொள்கிறது.

ஏப்ரல் 8, திங்கள்

யாரும் என்னை நம்புவதில்லை. "பேங்க்ல இருந்து பேசறேன்" என்றதும் வைத்துவிடுகிறார்கள். தப்பும் இல்லை. 'வங்கியிலிருந்து பேசுவதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள்' என்று வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பதே நாங்கள்தான். இன்று ஒரு தையல்கார அம்மா, "உனக்கெல்லாம் உழைச்சுச் சாப்பிடணும்னு தோணவே தோணாதா?" என்று கேட்டார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்பிலும் அப்படிச் சிரித்தார். "நானும் அதைத்தான் ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்."

ஏப்ரல் 23, செவ்வாய்

இன்று ஒரு சிவப்புகூட இல்லை. கரண்ட் இல்லை.

மே 2, வியாழன்

காலையில் திரையில் சித்தப்பா.

அப்பாவின் தம்பி. ஓய்வுபெற்ற தணிக்கையாளர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கணக்கில் ஓட்டை தேடியவர், தன் வைப்புத்தொகை எல்லாவற்றையும் உடைத்து, இதுவரை கண்டே இராத ஒரு கணக்குக்கு மொத்தமாக அனுப்பியிருக்கிறார். என் கல்யாணத்தன்று கடைசியாகப் பேசினோம். பேசினோம் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. அவர் பேசினார்.

நான் அழைத்தால் எடுக்கவில்லை. மேலாளர் அழைத்ததும் எடுத்து, "என் பணம், என் இஷ்டம். நிறுத்த நீங்க யாரு?" என்று கத்தியிருக்கிறார்.

"பெரிய டெபாசிட்காரர். விட்டுடலாம்மா" என்றார் மேலாளர்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நிறுத்தி வைக்கச் சட்டத்துல இடம் இருக்கு சார்."

"உங்க சொந்தக்காரர் கணக்குல நீங்க தலையிடறதுக்குச் சட்டத்துல இடம் இல்ல."

அடடா, இவர் சட்டத்தைப் படித்தும் இருக்கிறார். நாளை மாலை மூடும் முன் பணத்தை விட்டுவிடுவாராம்.

போனால் போகட்டும். எனக்கென்ன? வீடு தேடிப் போய் இன்னொரு தடவை வாங்கிக் கட்டிக்கணுமா? அந்த மனுஷன் என்ன எனக்குச் சோறா போட்டார்?

போட்டார். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம் முழுக்க.

மே 3, வெள்ளி

லீவு போட்டேன். அலுவலராகத்தான் போகக் கூடாது. அண்ணன் மகள் போகலாமே.

நாலாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மணி அடித்ததும் உள்ளே பேச்சுக் குரல் நின்றது.

"போயிடு" என்றார் கதவுக்குப் பின்னாலிருந்து. "நீ வருவேன்னு சொன்னாங்க. இல்ல, உன்னை மாதிரியே ஒருத்தி வருவான்னு."

"யாரு சொன்னா?"

"அதிகாரிங்க."

"சித்தப்பா, நான்தான். கதவைத் திறங்க."

கதவுத் துளையில் ஒரு கண் தெரிந்தது. அப்புறம், "நிஜமாவே நீதான்னா, உன் கல்யாணத்துல நான் என்ன சொன்னேன்?"

என் கடவுச்சொல் இது! வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்க, சத்தமாகச் சொன்னேன்: "'பேங்க்காரிக்கே வாராக் கடன்னா என்னன்னு தெரியல. பஸ் ஓட்டறவனைக் கட்டிக்கறா'ன்னு சொன்னீங்க. மேடையில. மைக் ஆன்ல இருந்தது."

தாழ்ப்பாள் விலகியது. கசங்கிய சட்டையோடு நின்றார், கையில் போன். அதில் ஒரு குரல், "சார், அந்தப் பொண்ணை உள்ள விடாதீங்க, அவளைத் தேடிட்டு இருக்கோம்" என்றது.

வாங்கிப் பேசினேன். "தேட வேண்டாம். விலாசம் சொல்றேன், வந்து கைது பண்ணுங்க. உட்காந்திருக்கேன்."

வைத்துவிட்டார்கள். அதிகாரிகளுக்கு எத்தனையோ வேலை.

சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தே பேசினார். "நீ பேங்க் பணத்துல கை வெச்சுட்டன்னாங்க. கேஸ் ஆயிடுச்சாம். நான் கட்டிட்டா உன் பேரை எடுத்துடுவாங்களாம். உங்கிட்டச் சொன்னா உடனே கைதுன்னாங்க."

"நான் அந்த பேங்க்ல இருக்கறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டாங்க. சொன்னேன்."

தணிக்கையாளர்!

"சரி, நான் எடுத்திருப்பேன்னு நம்பினீங்களா?"

நிமிர்ந்து முறைத்தார். "நீயா? எடுத்திருக்க மாட்டன்னு தெரிஞ்சுதானே கட்டினேன். எடுத்திருந்தா அனுபவின்னு விட்டிருப்பேன்."

எனக்கு என்ன எழுதறதுன்னே தெரியல. எத்தனை வருஷமா இந்த மனுஷனைத் திட்டிட்டு இருந்திருக்கேன் – மனசுக்குள்ள, இதே நோட்டுல, பஸ்ல போறப்ப. அவர் என்னடான்னா இருக்கற அத்தனையும் எனக்காக –

சரி. போதும்.

அங்கிருந்தே மேலாளரிடம் அவரைப் பேச வைத்தேன். "நிறுத்திடுங்க. என் பணம், என் இஷ்டம்" என்றார்.

மே 6, திங்கள்

மேலாளர் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டார். மென்பொருளின் கூர்மை, நிர்வாகத்தின் தொலைநோக்கு, உறுதி. விட்டுடலாம்மா என்ற உறுதி. நான் ஏறிய நாலு மாடி அதில் இல்லை.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், இங்கே யாரும் பார்க்க மாட்டார்கள்: அது சிவப்பு காட்டியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அலுவலகத்தில் இதைச் சொல்வதாக இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

சித்தப்பா வீட்டுக்கு வந்தார். முதல் தடவை. அழைத்தது நான் இல்லை, இவர்.

மணி அடித்ததும் இவரே போய்க் கதவைப் பாதி திறந்து, சிரிக்காமல் கேட்டார்: "யாரு நீங்க? அடையாள அட்டை இருக்கா?"

சித்தப்பா ஒரு கணம் இவரையே பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். இவர் வாங்கி, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, "சரியா இருக்கு. உள்ள வாங்க மாமா" என்றார்.

செருப்பைக் கழற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பாமல் சித்தப்பா சொன்னார், "உங்க பேங்க்ல இவரை வேலைக்கு எடுக்கச் சொல்லு."